கதையின் நடுவில் நிற்பவன்: தன்னை மட்டுமே நினைக்கும் கணவனுக்கு நாடகம் ஏன் இவ்வளவு நேரம் தருகிறது?

பினாங்குத் தமிழ் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் ஓடும்போது ஒரு வாக்குவாதமும் கூடவே ஓடும். "இந்த ஆளை எதுக்கு இவ்வளவு நேரம் காட்டுறாங்க?" என்று ஒருவர் எரிச்சல்படுவார். "பாவம்லா, அவருக்கும் மனசு இருக்குல்ல" என்று இன்னொருவர் பதில் சொல்வார். ஆஸ்ட்ரோ வழியே இங்கே வந்த ஸ்டார் விஜய்யின் 'பாக்கியலட்சுமி' 2020 முதல் 2025 வரை ஓடியது. அதில் மனைவியை ஏமாற்றும் கணவராக வந்த கோபியை வைத்து இந்த வாக்குவாதம் வருடக்கணக்கில் நடந்தது. அதே வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத் தொடர் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே குழப்பம்தான். 'தி அஃபேர்' தொடரின் நோவா சொலோவேயைப் பார்த்துவிட்டு, "இந்தத் தொடர் இவனை நியாயப்படுத்துகிறதா, தோலுரிக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. கதையின் நடுவில் யார் நிற்கிறார், யாருடைய கண் வழியே பார்க்கிறோம், யார் பக்கம் நியாயம் என்பவை அந்த மூன்று. முதல் இரண்டும் எழுத்தாளரின் கையில் இருப்பவை. மூன்றாவதை நாமே முடிவு செய்வதாக நினைக்கிறோம். ஆனால் முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதை நமக்குத் தெரியாமலே முடிவு செய்துவிடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

1. நாயகன். தமிழ்த் திரையில் வளர்ந்த நமக்கு நாயகன் என்றால் நல்லவன். தவறு செய்தாலும் இடைவேளைக்குள் திருந்திவிடுவான். இந்தப் பழக்கத்தோடுதான் நாம் எந்தக் கதைக்குள்ளும் நுழைகிறோம்.

2. மையப் பாத்திரம். யாருடைய ஆசை கதையை நகர்த்துகிறதோ அவர். இந்த இடத்தை நற்குணத்துக்குப் பரிசாகக் கொடுப்பதில்லை. பொய்யன் ஒருவனின் ஆசையாலும் கதை நகரலாம்.

3. எதிர்நாயகன். மையத்தில் நிற்கும் குறையுள்ள ஆள். அவனுக்குக் குறை உண்டு என்பது கதைக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

4. தன்மையம். தன் ஆசையை உலகத்தின் தேவையாகவே உணர்வது. மனைவி, பிள்ளை, காதலி எல்லோரும் தன் வாழ்க்கைக் கதையில் துணைப் பாத்திரங்களாகத் தெரிவது. தன்மையக்காரன் வில்லன் அல்ல. தான் கெடுதல் செய்கிறோம் என்று வில்லனுக்குத் தெரியும். தன்மையக்காரனோ தன்னை நல்லவனாகவே நினைக்கிறான், பல சமயம் பாதிக்கப்பட்டவனாகவும்.

நான்காவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமூக ஊடகங்களில் இப்போது எரிச்சலூட்டும் கணவர் யாரானாலும் 'நார்சிசிஸ்ட்' என்று முத்திரை குத்துகிறார்கள். மருத்துவத்தில் அது ஓர் ஆளுமைக் கோளாறின் பெயரோடு சேர்ந்த சொல். அமெரிக்க உளமருத்துவக் கையேடு அதற்கு 9 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. குறைந்தது 5 இருக்க வேண்டும், அதுவும் வாழ்க்கையின் பல துறைகளில் நிலையாகத் தொடர வேண்டும். நாடகக் கணவர்களில் பெரும்பாலோர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். வேறு வழி இருந்தும் தனக்கு வசதியான வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தத் தேர்வுக்கு நோயின் பெயரைச் சூட்டினால் பொறுப்பு அவர்கள் தோளிலிருந்து இறங்கிவிடும்.

## நோவா சொலோவே என்ற மாதிரி

'தி அஃபேர்' தொடரை சாரா டிரீமும் ஹகாய் லெவியும் உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஷோடைம் ஒளிவழியில் 2014 அக்டோபரில் தொடங்கி, 5 பருவங்கள் ஓடி, 2019 நவம்பரில் முடிந்தது. தொடங்கிய சில மாதங்களிலேயே சிறந்த நாடகத் தொடருக்கான கோல்டன் குளோப் விருதைப் பெற்றது.

டோமினிக் வெஸ்ட் நடித்த நோவா நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். ஒரு நாவல் எழுதி வெளியிட்டவர், அது எடுபடவில்லை. மனைவி ஹெலன் பணக்கார வீட்டுப் பெண். மாமனார் புகழும் பணமும் சேர்த்த நாவலாசிரியர். நான்கு பிள்ளைகள். கோடை விடுமுறைக்கு மொண்டாக் என்ற கடலோர ஊரில் உள்ள மாமனார் வீட்டுக்குப் போகும்போது, அங்கே உணவகத்தில் வேலை செய்யும் ஆலிசனைச் சந்திக்கிறார். ஆலிசன் தன் சின்ன மகனைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து மீளாதவள். கோல் என்பவரின் மனைவி.

நோவாவின் குறை காமம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிட ஆழத்தில் இருப்பது மாமனார் முன்னால் சிறுத்துப்போன ஓர் ஆணின் காயம். தான் பெரிய ஆள் என்று யாராவது ஒருவர் கண்ணில் பார்த்துவிட வேண்டும் என்ற பசி. ஆலிசனின் கண்ணில் அது கிடைக்கிறது. பிறகு அந்த உறவையே கதையாக்கி 'டிசென்ட்' என்ற நாவலை எழுதிப் புகழ் பெறுகிறார். ஒரு பெண்ணின் துயரமும் உடலும் அவர் கையில் புத்தகப் பொருளாகின்றன. புயல் வீசும் இரவில் ஆலிசனுக்குப் பிரசவ வலி எடுக்கும்போது அவர் ஒரு விருந்தில் இருக்கிறார். இரண்டாம் பருவத்தின் ஒரு பகுதியில் உளநல ஆலோசகர் முன் அமர்ந்து பேசுகிறார். பெரிய மனிதனாக இருப்பதா, நல்ல மனிதனாக இருப்பதா என்பதுதான் அவரை அரிக்கும் கேள்வி. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்ற எண்ணம் அவருக்கு எளிதில் வருவதில்லை.

இதே நோவாதான், ஒரு மனிதரின் சாவுக்கு ஹெலனும் ஆலிசனும் காரணமாகிவிட்ட நிலையில், அந்தப் பழியைத் தன்மேல் ஏற்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று சிறைக்குப் போகிறார். அது தியாகமா, தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்ளும் இன்னொரு வழியா? எழுத்தாளர்கள் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பாத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தன்மையக்காரனாலும் நல்ல செயல் செய்ய முடியும், அந்தச் செயலுக்குள்ளும் அவனுடைய தன்மையம் குடியிருக்க முடியும் என்பதை ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார்கள்.

## ஒரே சம்பவம், இரண்டு கூற்று

இந்தத் தொடரின் அமைப்புதான் நம் கேள்விக்குப் பாதி விடை. பெரும்பாலான பகுதிகள் துண்டுகளாகப் பிரிகின்றன. முதல் பருவத்தில் ஒரு துண்டு நோவாவின் நினைவு, மற்றது ஆலிசனின் நினைவு. இரண்டாம் பருவத்தில் ஹெலனும் கோலும் சேர்கிறார்கள்.

முதல் பகுதியில் உணவகத்தில் நோவாவின் சின்ன மகளுக்குத் தொண்டையில் கோலிக்குண்டு சிக்கிக்கொள்கிறது. நோவாவின் நினைவில் குழந்தையைக் காப்பாற்றியவர் நோவா. ஆலிசனின் நினைவில் காப்பாற்றியவள் ஆலிசன். நோவாவின் நினைவில் ஆலிசன் கவர்ச்சியாக உடுத்தி வலிய வந்து பேசுகிறாள். அவளுடைய நினைவில் அவள் களைத்துப்போனவள், சாதாரண உடையில் இருப்பவள், நெருங்கி வருபவர் நோவா. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தேவைப்பட்ட தன் உருவத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு என்று நம்மில் யாராவது வியந்தால், சங்க அகப்பாடல்களை மறந்துவிட்டோம் என்றுதான் பொருள். ஒவ்வொரு அகப்பாடலும் யாரோ ஒருவருடைய கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று, பரத்தை கூற்று என்று உரைக்குறிப்பு அதைச் சொல்லிவிடும். கவிஞர் நடுவில் வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. மருதத் திணை பெரும்பாலும் மனைவியை விட்டுப் பரத்தையிடம் போய்த் திரும்பி வரும் ஆணைச் சுற்றி எழுந்ததுதான். குறுந்தொகையின் 8-ஆம் பாடலில் ஆலங்குடி வங்கனார் பரத்தையைப் பேச விடுகிறார். எங்கள் வீட்டில் அவன் பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும் நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். அந்த ஆணின் மொத்தச் சுபாவமும் ஆறு அடிகளில் வந்துவிடுகிறது. தலைவன் கூற்றை மட்டும் படித்தால் இது கிடைக்காது. தலைவி கூற்றிலும் கிடைக்காது. இரண்டு வீட்டிலும் இரண்டு ஆளாக இருப்பவனைப் பார்க்க, இரண்டாவது வீட்டிலிருந்தும் ஒரு குரல் வேண்டும்.

ஆகவே "இந்தத் தொடர் அவனை நியாயப்படுத்துகிறதா?" என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பேர் கூற்று இதில் இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒருவர் கூற்று மட்டும் இருந்தால், எழுத்தாளரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், விளைவு பெரும்பாலும் அந்த ஒருவருக்குச் சாதகமாகவே சாயும்.

## நாம் ஏன் மன்னிக்கிறோம்

இந்தச் சாய்வு எப்படி நடக்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் ஓரளவு விளக்கியிருக்கின்றன.

1. காரணம் தேடும் பழக்கம். எட்வர்ட் ஜோன்ஸ், ரிச்சர்ட் நிஸ்பெட் இருவரும் 1971-இல் சுட்டிக்காட்டியது: நாம் செய்த தவறுக்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்கிறோம், அடுத்தவர் செய்த தவறுக்கு அவர் குணத்தைக் காரணம் சொல்கிறோம். நான் தாமதமாக வந்தால் பாலத்தில் நெரிசல், அவன் தாமதமாக வந்தால் அவன் பொறுப்பில்லாதவன். கேமரா ஒருவனோடு நாள் முழுக்க நடந்தால், அவனுடைய நெரிசலும் மேலதிகாரியின் திட்டும் நமக்குத் தெரியவருகின்றன. நாமே அறியாமல் அவன் இடத்துக்கு மாறிவிடுகிறோம்.

2. இரண்டு விதக் கதை. 1990-இல் ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் தன்னைக் கோபப்படுத்திய நிகழ்ச்சி ஒன்றையும், தான் இன்னொருவரைக் கோபப்படுத்திய நிகழ்ச்சி ஒன்றையும் எழுத வேண்டும். ஒரே ஆள்தான் இரண்டையும் எழுதுகிறார். தான் குற்றம் செய்த கதையில் காரணங்கள் இருக்கின்றன, அது எப்போதோ முடிந்துபோன தனி நிகழ்ச்சியாக இருக்கிறது. தான் அடிபட்ட கதையிலோ எதிராளி செய்தது அர்த்தமற்றதாகத் தெரிகிறது, அதன் வலி இன்றுவரை நீள்கிறது. "அதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு அதையே பேசுற?" என்று கணவரும், "எனக்கு முடியலையே" என்று மனைவியும் பேசுவது இந்த இரண்டு கதைகளும் மோதும் ஓசைதான். 'தி அஃபேர்' இந்த ஆய்வைப் படித்துவிட்டு எழுதியதோ என்று தோன்றும் அளவுக்குப் பொருந்துகிறது.

3. பார்த்துப் பழகுதல். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே ஒன்றின்மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டினார். அதற்கும் முன்பே, 1956-இல், டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் தொலைக்காட்சி முகங்களோடு பார்வையாளர் கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி எழுதியிருந்தார்கள். தினமும் நம் வரவேற்பறைக்கு வரும் முகம் உறவுக்காரர் முகமாகிவிடுகிறது. உறவுக்காரர் தவறு செய்தால் நாம் என்ன செய்வோமோ அதையே அந்தப் பாத்திரத்துக்கும் செய்கிறோம். திட்டுவோம், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கருத்து இது: திரையில் கொடுக்கும் நேரம் மெல்ல மெல்ல மன்னிப்பாக மாறுகிறது. யாரும் "இவனை மன்னியுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. நேரத்தைக் கொடுத்தால் போதும்.

## கோபி எப்படிப் 'பாவம்' ஆனார்

இப்போது நம் வீட்டு நாடகத்துக்கு வருவோம். கறாராகச் சொன்னால் கோபி மையப் பாத்திரம் அல்ல. தொடரின் பெயரே மனைவியின் பெயர். அதிகம் படிக்காதவள், ஆங்கிலம் தெரியாதவள் என்று வீட்டிலேயே இளக்காரமாகப் பார்க்கப்பட்ட பாக்கியலட்சுமி, சமையலைத் தொழிலாக்கி எழுந்து நிற்பதுதான் கதை. சுசித்ரா அந்தப் பாத்திரத்தைத் தாங்கினார். கோபியாக நடித்தவர் சதீஷ்குமார். 2019-இல் தொடங்கிய 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடர்தான் மூலம். இந்தியில் 'அனுபமா' என்ற பெயரில் வந்தது, அங்கே கோபியின் இடத்தில் வன்ராஜ். மொழி மாறியும் இந்த ஆண் மாறவே இல்லை. மனைவியை விட்டு இன்னொரு பெண்ணிடம் போய், "இதுதான் எனக்கு உரிய வாழ்க்கை, இவ்வளவு நாள் இருந்தது கடமை" என்று நினைக்கும் நடுத்தர வயதுக் கணவரை எந்த மாநிலத்துக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தினசரி நாடகத்துக்கு அதற்கென்று ஒரு பொருளாதாரம் இருக்கிறது. 'தி அஃபேர்' ஐந்து பருவத்திலும் சேர்த்து 53 பகுதிகள்தான். தினசரித் தொடர் அந்த எண்ணிக்கையை மூன்று மாதத்துக்குள் தாண்டிவிடும். இந்த வேகத்தில் சில விஷயங்கள் தாமாகவே நடக்கின்றன.

முதலாவது, தண்டனையைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. கோபி 300-ஆவது பகுதியில் தான் செய்ததை முழுக்க உணர்ந்து விலகிப் போய்விட்டால் கதைக்கு எரிபொருள் தீர்ந்துவிடும். ஆகவே ரகசியம் பல மாதம் மறைந்திருக்கும், வெளியே வந்தாலும் பாதிதான் வரும். மணமுறிவுக்குப் பிறகும் அவர் பாக்கியாவின் வட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. இரண்டாவது, தினமும் திரையில் இருப்பவரை தினமும் வெறுக்க முடியாது என்பதால் அவரைச் சிரிப்புக்குரியவராக்க வேண்டியிருக்கிறது. சதீஷ்குமாரின் உடல்மொழிக்கு அது அருமையாக வந்தது. மாட்டிக்கொள்ளும் தருவாயில் அவர் விழிக்கும் விழியை மீம்களாக்கி வாட்சப்பில் அனுப்பாத குடும்பக் குழு குறைவு. நல்ல நடிப்புதான், மறுக்க முடியாது. ஆனால் சிரிக்க வைப்பவன்மேல் கோபம் நிற்காது.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. கோபிக்குக் கிடைத்த 'பாவம்' எங்கிருந்தோ கழிக்கப்பட வேண்டும். அது கோபியின் கல்லூரிக் காலக் காதலி ராதிகாவின் கணக்கிலிருந்து கழிந்தது. ஒரே உறவில் இருந்த இரண்டு பேரில் ஆணுக்கு அனுதாபமும் பெண்ணுக்கு ஏச்சும் போய்ச் சேர்ந்தன. தாலி கட்டி, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, பொய் சொல்லி வாழ்ந்தவர் கோபி. ஆனால் "அவ மட்டும் வராம இருந்திருந்தா" என்ற வாக்கியம்தான் நம் வீடுகளில் அதிகம் கேட்டது. தன்மையக்காரன் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையும் அதேதான்: என்னால் எதுவும் நடக்கவில்லை, எனக்கு நடந்தது. அவன் சொல்வதை நாமே அவனுக்காகச் சொல்லத் தொடங்கும்போது அவனுடைய தன்மையம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

## விலையை யார் கொடுத்தார்?

ஒரு கதை தன் குறையுள்ள நாயகனிடம் நேர்மையாக நடந்துகொள்கிறதா என்று பார்க்க நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. அவன் திருந்தினானா என்று பார்ப்பதில்லை. திருந்துவதை எழுதுவது எளிது, ஓர் அழுகையும் மழையும் போதும். அவன் செய்ததற்கு விலை கொடுத்தவர் யார், அவருக்குப் பேச இடம் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் சிலப்பதிகாரம் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. கோவலன் தமிழின் முதல் பெரிய தன்மையக்காரன் என்றே சொல்லலாம். கண்ணகியை விட்டு மாதவியிடம் போகிறான், செல்வத்தைக் கரைக்கிறான். கடற்கரையில் யாழை எடுத்து இன்னொருத்தியை மனத்தில் வைத்தவன் போலப் பாடுவது முதலில் அவன்தான். மாதவியும் அதற்கு ஈடாகப் பாடியதும், மாயப் பொய் பல கூட்டும் மாயத்தாள் என்று அவள்மேல் பழி போட்டு எழுந்து போகிறான். தான் பாடியது பாட்டு, அவள் பாடியது துரோகம். தன்மையத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

ஆனால் இளங்கோவடிகள் அங்கே நிறுத்தவில்லை. மதுரையில், கொலைக்களக் காதையில், கோவலன் தன் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வருந்துகிறான். நான் எழுக என்றதும் எழுந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்று உருகுகிறான். சாதாரண எழுத்தாளர் இங்கே கண்ணகியை அழவைத்து அவன் காலில் விழவைத்திருப்பார். இளங்கோவின் கண்ணகி "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று சொல்லிவிடுகிறாள். பெரியவர்கள் போற்றாத நடத்தையைச் செய்தீர்கள் என்று, முகத்துக்கு நேராக, மரியாதைப் பன்மையில். மூன்றே சொற்கள். அவளைப் பொறுமையின் சிலையாக மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இந்த மூன்று சொற்களையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோவலன் செய்ததற்குப் பெயர் வைக்கும் உரிமை விலை கொடுத்தவளிடமே இருக்கிறது.

'தி அஃபேர்' இந்தச் சோதனையில் முதல் மூன்று பருவங்களில் நன்றாகவே தேறுகிறது. ஹெலனுக்குக் கூற்று கொடுத்ததும் கதையின் எடையே மாறிவிடுகிறது. நோவாவின் கண்ணில் குறை சொல்பவளாகத் தெரிந்தவள், தன் பங்கில் தடுமாறித் தவறும் செய்து எழுகிற முழு மனுஷியாகிறாள். ஹெலனாக நடித்த மௌரா டியர்னிக்கு 2016-இல் கிடைத்த கோல்டன் குளோப் அதற்கான அங்கீகாரம். ஆனால் முடிவை நெருங்க நெருங்கத் தொடர் சறுக்குகிறது என்பதே என் எண்ணம். நான்காம் பருவத்தில் ஆலிசன் கொல்லப்படுகிறாள். ஐந்தாம் பருவத்தில் அவளும் இல்லை, கோலும் இல்லை. எழுத்தாளர்கள் நோவாவைப் பழைய நடத்தைக்காகப் பெண்கள் குற்றம் சாட்டும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள், அது நியாயமான நகர்வு. ஆனால் கடைசியில் மகளின் திருமணத்துக்கு நடனம் கற்றுக்கொடுக்கும் அன்பான தகப்பனாக்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மொண்டாக்கில் தனியே வாழும் முதியவராக்கி, கடலோரக் குன்றின்மேல் ஆட வைத்து முடிக்கிறார்கள். அழகான காட்சிதான், டோமினிக் வெஸ்ட்டும் மனமார ஆடுகிறார். ஆனால் ஐந்து பருவத்தில் கூற்று பெற்றவர்களில் மிகவும் உடைந்தவள் ஆலிசன்தான். அவளுக்கு முதுமையே கிடைக்கவில்லை. கடைசிச் சொல் நோவாவுக்குப் போய்விட்டது. நேரம் மன்னிப்பாக மாறும் என்று நமக்குக் காட்டிக்கொடுத்த தொடரே அந்த விதிக்குத் தானும் பணிந்துவிட்டது.

## இது ஏன் நம் வீட்டுக்கும் விஷயம்

"நாடகம் நாடகம்தானே" என்று விட்டுவிடலாம். ஆனால் நாடகத்தில் பழகிய காது, பக்கத்து வீட்டில் நிஜமாகவே ஒரு திருமணம் முறியும்போதும் அதே மாதிரிதான் கேட்கிறது. அப்படி முறியும் இடத்தில் மலேசியச் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தையும் மணவிலக்கையும் ஆள்வது 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியதும் இதுதான். பினாங்கில் ஒரு தமிழ்ப் பெண் இதன்கீழ் மணவிலக்குக் கோரினால் முக்கியமாக மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

1. திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டதா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. கணவரின் கள்ள உறவு, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத நடத்தை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, இரண்டு ஆண்டு பிரிந்து வாழ்ந்தது ஆகியவை அதற்கு ஆதாரமாகக் கருதப்படும். அவருக்குக் கல்லூரியில் ஒரு காதல் இருந்தது என்ற பின்கதை அந்தப் பட்டியலில் இல்லை.

2. சொத்தைப் பிரிக்கும்போது, சம்பாதிக்காமல் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவரின் பங்களிப்பையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும். "அவ வீட்லதானே இருந்தா" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

3. இருவரும் ஒத்துப்போகாத மணவிலக்கில், சில விலக்குகள் தவிர, மனு போடுவதற்கு முன் ஒரு சமரசக் குழுவிடம் போக வேண்டும். பெரும்பாலும் அது தேசியப் பதிவு இலாகாவின் திருமணச் சமரசக் குழு. ஆறு மாதத்துக்குள் இணக்கம் காண முயல்வது அதன் வேலை.

மூன்றாவதில் ஒரு விதி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. அந்தக் குழுவின் முன் வழக்கறிஞர் யாரும் ஒரு தரப்புக்காகப் பேச முடியாது. குழுவின் அனுமதி இல்லாமல் வேறு யாரும் பிரதிநிதியாக வர முடியாது, குடும்பத்தினரைத் தவிர. அண்ணன், அம்மா, அத்தை, பெரியப்பா, அதாவது நாடகம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே ஆட்கள்தான் அந்த அறையில் அவளுக்காக வாய்திறக்கக்கூடியவர்கள். அங்கே போகும்போது "என்ன இருந்தாலும் அவரும் மனுஷன்தானே" என்று தொடங்கப் போகிறார்களா, "அவர் என்ன செய்தார்னு முதல்ல அவ சொல்லட்டும்" என்று தொடங்கப் போகிறார்களா என்பதில்தான் அந்த ஆறு மாதமும் அவளுக்கு எப்படிப் போகும் என்பது அடங்கியிருக்கிறது.